இரவுக்குள் ஒரு ‘ப்’ வந்த கதை

லத்தீனில் இரவுக்கு ‘நொக்தெம்’. இத்தாலியில் அது ‘நொத்தெ’ ஆனது, ஸ்பெயினில் ‘நொச்செ’, போர்ச்சுகலில் ‘நொய்த்தெ’, பிரான்சில் ‘நுயி’. நான்கு பேரும் செய்தது கிட்டத்தட்ட ஒரே வேலைதான். நடுவிலிருந்த ‘க்’ நாக்குக்குச் சுமையாக இருந்தது. ஒருவர் அதைப் பக்கத்துத் தகரத்தோடு சேர்த்துக் கரைத்தார், இன்னொருவர் யகரமாக இளக்கினார். ருமேனியாவில் மட்டும் இரவுக்கு ‘நொவாப்தெ’ என்கிறார்கள். ‘க்’ கரையவில்லை, இளகவும் இல்லை. உதட்டுக்குப் போய் ‘ப்’ ஆகிவிட்டது.

ஒரு சொல்லில் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பால் என்ற ‘லக்தெம்’ அங்கே ‘லாப்தெ’. எட்டு என்ற ‘ஒக்தோ’, ‘ஒப்த்’. மார்பு என்ற ‘பெக்துஸ்’, ‘பியெப்த்’. போராட்டம் என்ற ‘லுக்தா’, ‘லுப்த’. இப்படி வரிசையாக நிற்கும்போது அதற்குப் பெயர் ஒலிவிதி.

ருமேனிய மொழியைப் பற்றிப் பொதுவாக ஒரு பேச்சு உண்டு. ஸ்லாவியர் (ரஷ்ய, பல்கேரிய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்) நடுவே மாட்டிக்கொண்ட லத்தீன், அதனால் உருக்குலைந்துவிட்டது என்று. சொற்களை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ‘ஆமாம்’ என்பதற்கே ‘தா’ என்கிறார்கள். நேசிப்பதற்கும் நண்பனுக்கும் உள்ள சொற்கள் ஸ்லாவியத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒலிகளின் கதை வேறு. இந்த மொழியின் முகத்தை மாற்றிய பெரிய மாற்றங்களில் பல, ஸ்லாவியச் சொற்கள் உள்ளே வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. அதற்குச் சாட்சி சொல்வதே அந்த ஸ்லாவியச் சொற்கள்தான். அதை இரண்டு இடத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் காலம். பேரரசர் திராயான் இரண்டு போர்களுக்குப் பின் கி.பி. 106இல், இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்த தாசியாவை ரோமின் மாகாணமாக்கினார். 270களில், அவுரேலியான் காலத்தில், ரோமப் படையும் நிர்வாகமும் தன்யூப் ஆற்றுக்குத் தெற்கே பின்வாங்கின. 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியர் பால்கன் பகுதியில் பரவினார்கள். அப்புறம் எழுத்தில் ஒரு நீண்ட மௌனம். ருமேனிய மொழியில் நாள் தெரிந்து கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து 1521இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். கும்புலுங் ஊரைச் சேர்ந்த நேயாக்ஷு என்பவர், துருக்கியப் படை தன்யூப் ஓரம் நகர்வதைப் பற்றி பிரஷோவ் நகரத் தலைவருக்கு எச்சரித்து எழுதியது. அதுவும் சிரில்லிக் எழுத்தில், தொடக்கமும் முடிவும் பழைய ஸ்லாவிய மொழியில்.

அதாவது லத்தீனுக்கும் இந்தக் கடிதத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் கையில் ஏடு இல்லை. பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் இடைக்கால ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. நூற்றாண்டு நூற்றாண்டாக மாற்றத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ருமேனியத்துக்கு அந்த வசதி கிடையாது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதைச் சொற்களுக்குள்ளேயே தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

சரி, அந்த ‘ப்’புக்கு வருவோம். தொண்டைப் பக்கம் பிறந்த ஒலி உதட்டுக்குத் தாவுவது ‘க்த்’தோடு நிற்கவில்லை. ‘க்ஸ்’ என்பது ‘ப்ஸ்’ ஆனது: இடுப்பு என்ற ‘கொக்ஸா’ தொடை என்ற பொருளில் ‘கொவாப்ஸ’. ‘க்ன்’ என்பது ‘ம்ன்’ ஆனது: விறகு என்ற ‘லிக்னும்’, ‘லெம்ன்’, அடையாளம் என்ற ‘ஸிக்னும்’, ‘ஸெம்ன்’, முட்டியைக் குறித்த ‘புக்னுஸ்’, ‘பும்ன்’, உறவினர் என்ற ‘கொக்னாதுஸ்’, மைத்துனர் என்ற பொருளில் ‘கும்னாத்’. அகரத்துக்கு முன் வந்த ‘க்வ்’, அதன் மெலிந்த இணை (‘லிங்வா’வில் வருவது) இரண்டும்கூட இதே வழிக்கு வந்தன. தண்ணீர் ‘அக்வா’ ‘அப’ ஆயிற்று, நாக்கு ‘லிங்வா’ ‘லிம்ப’ ஆயிற்று, நான்கு ‘பாத்ரு’ ஆயிற்று. (சொல்லிறுதியில் நான் வெறும் அகரமாக எழுதுவது ருமேனியத்தில் மங்கலான ஓர் உயிர், வாயை முழுதாகத் திறக்காமல் சொல்லும் ‘அ’.) ‘எப்போது’, ‘எவ்வளவு’ போன்ற சின்னச் சொற்கள் மட்டும் தப்பித்தன. ‘க்வாந்தோ’ என்பது வகரத்தை உதறிவிட்டு ‘குந்த்’ என்று ககரத்தோடே நிற்கிறது. அடிக்கடி புழங்கும் சொற்கள் இப்படி வேறு பாதையில் போவது எல்லா மொழியிலும் உள்ளதுதான்.

ஏன் ‘க்’ போய் ‘ப்’ ஆக வேண்டும்? வாய்க்குள் இரண்டும் எதிரெதிர் மூலைகள். ஆனால் காதுக்கு அப்படியல்ல. ககரமும் பகரமும் கனத்த, தாழ்ந்த ஓசைகள், தகரம் கூர்மையானது. இன்னொரு மெய்க்கு முன்னால் வந்து முழுதாக வெடிக்காமல் அடங்கிவிடும் ‘க்’கைக் கேட்பவர், அதை ‘ப்’ என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிழையாகக் கேட்ட பிள்ளைகள் பெரியவர்களானபோது அதுவே சரியாகிவிட்டது. இது ஒரு விளக்கம்தான். எனக்கு நம்பும்படியாகத் தோன்றுவதற்குக் காரணம், இந்தத் தாவல் ருமேனியரோடு நிற்காததுதான். அத்ரியக் கடலோரம் பேசப்பட்டு மறைந்த தல்மேஷிய மொழியில் எட்டுக்கு ‘குவாப்தோ’, மைத்துனருக்கு ‘கொம்னுத்’ என்றார்கள். அந்த மொழியின் கடைசிப் பேச்சாளராக அறியப்படும் துவோனே உதாய்னா 1898இல் இறந்தார். அல்பேனிய மொழி லத்தீன் வழி வந்ததே அல்ல. ஆனாலும் அது லத்தீனின் ‘லுக்தா’வைக் கடன் வாங்கி ‘லுஃப்த’ என்று ஆக்கிக்கொண்டது. போர் என்று பொருள். அங்கேயும் ககரம் உதட்டுக்கு வந்திருக்கிறது.

மூக்கொலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ‘க்த்’துக்கு இந்த யோகம் இல்லை. பூசும் எண்ணெய், களிம்பு என்ற ‘உங்க்தும்’ நடுவிலுள்ள ககரத்தை இழந்து ‘உந்த்’ ஆயிற்று. இன்று ருமேனியர்கள் ரொட்டியில் தடவும் வெண்ணெய்க்கு அதுதான் பெயர்.

அடுத்தது லகரம். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நின்ற லகரம் ரகரமானது. சூரியன் ‘ஸோலெம்’, ‘ஸொவாரெ’. உப்பு ‘ஸாலெம்’, ‘ஸாரெ’. தொண்டை ‘குலா’, வாய் என்ற பொருளில் ‘குர’. திரிகை ‘மொலா’, ‘மொவார’. வானம் ‘கைலும்’, ‘ச்செர்’. இரட்டித்து நின்ற லகரம் மட்டும் தன் இரட்டையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தப்பியது. பள்ளத்தாக்கு ‘வல்லெம்’, ‘வாலெ’. குதிரை ‘கபல்லுஸ்’, நடுவிலிருந்த ‘ப’வை இழந்து வெறும் ‘கல்’. இரட்டை லகரம் ஒற்றையானது பிறகுதான். அதற்குள் ரகரமாக்கும் விதி செத்துவிட்டது. முன்னாலேயே ஒற்றையாகியிருந்தால் இன்று ருமேனியர்கள் குதிரையைக் ‘கர்’ என்று அழைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் சாட்சி இங்கேதான் வருகிறது. இரக்கம் என்பதற்கு ருமேனியத்தில் ‘மில’. பலவந்தம் என்பதற்கு ‘ஸில’. இரண்டும் ஸ்லாவியச் சொற்கள். உயிர்களுக்கு நடுவே ஒற்றை லகரம், ஆனால் ரகரமாகவில்லை. ஆக, இந்தச் சொற்கள் வாசலுக்கு வந்தபோது அந்த விதி வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது.

இதே அளவுகோலை வைத்து மதச் சொற்களைப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும். தேவாலயத்துக்கு மேற்கேயுள்ள லத்தீன் வழி மொழிகளில் பெரும்பாலும் ‘எக்லேஸியா’ வழிவந்த சொற்கள்தான் புழங்குகின்றன. ருமேனியர்கள் ‘பிஸெரிக’ என்கிறார்கள். லத்தீனின் ‘பஸிலிகா’ அது, நடுவிலுள்ள லகரம் ரகரமாகி. தேவதூதன் ‘அங்கெலுஸ்’, ‘உன்ஜெர்’. அங்கேயும் லகரம் ரகரம். சிலுவை ‘க்ருச்செ’, கடவுள் ‘தும்னெஸெவு’ (லத்தீனின் ‘தொமினெ தெயுஸ்’, ஆண்டவரே தேவனே) எல்லாம் லத்தீன்தான். மறுபுறம் சொர்க்கம் ‘ராய்’, நரகம் ‘யாத்’, புனிதர் ‘ஸ்ஃபுந்த்’ ஆகியவை ஸ்லாவியம் வழி வந்தவை. பிற்காலத்தில் ருமேனியத் திருச்சபையின் வழிபாட்டு மொழி பழைய ஸ்லாவியமாக இருந்தது. ஆனால் கோயில், கடவுள், சிலுவை என்ற அடிப்படைச் சொற்கள் அதற்கு முன்பே, லத்தீன் பேசிய கிறிஸ்தவர்களிடமிருந்து வந்து, லகரம் ரகரமாகும் அந்தக் காலத்தைக் கடந்து வந்திருக்கின்றன. ஏடு இல்லாத நூற்றாண்டுகளைப் பற்றி ஒரு ரகரம் இவ்வளவு சொல்கிறது.

மூன்றாவது வகை மாற்றம் தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்காது. கன்னடத்தில் காதுக்குக் ‘கிவி’, நமக்குச் ‘செவி’. இ, எ போன்ற முன்னுயிர்கள் பக்கத்திலிருந்தால் ககரம் சகரமாக இழுபடும். ‘படித்து’ பேச்சில் ‘படிச்சு’ ஆவதும் அதே குடும்பம். லத்தீனிலும் இதுதான் நடந்தது. ரோமர் காலத்துச் சொற்பொழிவாளர் ‘கிகெரோ’வின் (சிசெரோ) பெயரை இத்தாலியர்கள் ‘ச்சிச்செரோ’ ஆக்கியது போல ருமேனியத்திலும் ‘கைலும்’ ‘ச்செர்’ ஆயிற்று. ஆனால் ருமேனியர்கள் இத்தாலியரைவிட ஒரு படி மேலே போனார்கள். ககரத்தோடு நிற்காமல் த, அதன் மெலிந்த ஒலி, ஸ என்று எல்லாவற்றையும் வளைத்தார்கள். ஏழு ‘ஸெப்தெம்’, ‘ஷாப்தெ’. நிலம் என்ற ‘தெர்ரா’, ‘த்ஸார’. பகல் ‘தியெஸ்’, ‘ஸி’. பத்து ‘தெகெம்’, ‘ஸெச்செ’. கடைசி இரண்டிலும் முதல் ஒலி ‘ஜீப்ரா’வின் முதலொலி போல அதிரும். அதற்கு முன் ‘த்ஸ’வின் அதிரும் இணையாக இருந்தது, மல்தாவியப் பேச்சில் அந்தப் பழைய ஒலியை இன்னும் கேட்கலாம்.

‘த்ஸார’ இன்று நாடு என்ற பொருளில்தான் வழங்குகிறது. பூமி, மண் என்பதற்கு ‘பமுந்த்’ என்கிறார்கள். அதன் மூலம் ‘பவிமெந்தும்’, அதாவது ரோமர்கள் கல் பாவித் தட்டி இறுக்கிய தளம். தளம் போட்ட தரைக்கு உள்ள சொல் வெறும் மண்ணுக்குப் பெயராகிவிட்டது. நகரங்கள் அழிந்து ஜனங்கள் வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போன காலத்தை இந்த ஒரு சொல்லில் பார்ப்பவர்கள் உண்டு. அழகான எண்ணம், ஆனால் ஒற்றைச் சொல்லின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றத் தயக்கமாக இருக்கிறது.

ககரத்துக்குத் திரும்புவோம், அங்கே ஒரு நல்ல புதிர் இருக்கிறது. கண்ணுக்கு லத்தீனில் ‘ஒகுலுஸ்’, ருமேனியத்தில் ‘ஒக்கி’. இகரத்துக்கு முன் ககரம் அப்படியே இருக்கிறதே, ஏன் ‘ஒச்சி’ ஆகவில்லை? விடை, இகரம் பிந்தி வந்தது. பேச்சு லத்தீனில் நடு உயிர் விழுந்து ‘ஒக்லுஸ்’ ஆனது. இது ஊகம் அல்ல. அப்பெண்டிக்ஸ் ப்ரோபி என்று அழைக்கப்படும் பழைய லத்தீன் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று ‘ஒகுலுஸ் என்று சொல், ஒக்லுஸ் என்று சொல்லாதே’ என்று கண்டிக்கிறது. காதுக்கு ‘ஒரிக்லா’ என்பதும் அதில் பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய ருமேனியத்தில் காது ‘உரெக்கெ’. வாத்தியார் தோற்றார், பிழை வென்றது. பிறகு அந்த ‘க்ல்’லின் லகரம் இளகி யகரமாகி, கடைசியில்தான் இகரம் தெரிந்தது. அதற்குள் ககரத்தைச் சகரமாக்கும் விதி முடிந்துபோயிருந்தது. அழைப்பது என்ற ‘கிளாமாரெ’ இன்று ‘கெமா’. அதிலும் இதே கதைதான். ‘ச்செர்’ரையும் ‘ஒக்கி’யையும் பக்கத்தில் வைத்தால் எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்துவிடுகிறது.

உயிர்களுக்கு வந்தால் ருமேனியம் ஒரு விசித்திரமான நடுநிலை எடுக்கிறது. லத்தீனின் குறில் இகரம் மேற்கு மொழிகளைப் போலவே எகரமாயிற்று. ‘லிக்னும்’ ‘லெம்ன்’ ஆனதைப் பார்த்தோம். அதே மாதிரி குறில் உகரமும் ஒகரமாகியிருக்க வேண்டும், இத்தாலியில் ‘க்ரோச்செ’ ஆனது போல. ருமேனியம் மாட்டேன் என்றது. சிலுவை ‘க்ருச்செ’, உகரம் அப்படியே. முன்வரிசை உயிர்களுக்கு இத்தாலிய வழக்கு, பின்வரிசைக்குச் சார்தீனியத் தீவின் வழக்கு.

அப்புறம், அழுத்தம் பெற்ற எ, ஒ இரண்டும் அடுத்த அசையில் என்ன உயிர் வருகிறது என்று பார்த்து வாயைத் திறந்தன. ‘இலை’யைப் பேச்சில் ‘எலை’ என்றும், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும் சொல்கிறோமே, பின்னால் வரும் உயிர் முன்னால் இருப்பதைக் கீழே இழுக்கிறது, அது போல. மலர் ஒருமையில் ‘ஃப்ளொவாரெ’, பன்மையில் ‘ஃப்ளொரி’. இரவு ‘நொவாப்தெ’, இரவுகள் ‘நொப்த்ஸி’. இறுதியில் எகரமோ அகரமோ இருந்தால் திறக்கும், இகரம் வந்தால் திறக்காது. ஒலியின் சோம்பல் என்று தொடங்கியது இலக்கணமாகிவிட்டது. பன்மையைக் காட்டும் கடைசி இகரம் இன்று காதில் விழுந்தும் விழாமலும் தேய்ந்து நிற்கிறது. ஒருமை பன்மையைப் பிரித்துக் காட்டும் சுமையில் பாதியை உள்ளே இருக்கும் உயிர்தான் தாங்குகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்தது. நகர மகரங்களுக்கு முன் வந்த உயிர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. நன்றாக என்ற ‘பெனெ’, ‘பினெ’. பாலம் ‘பொந்தெம்’, ‘புந்தெ’. அகரமோ மேலே ஏறி ஒரு தனி உயிராகவே மாறியது. உதடு குவியாமல், நாக்கு உயர்ந்து சொல்லும் ஒலி. மற்ற ஐரோப்பியரில் பலர் இதைச் சொல்லத் திணறுவார்கள், நமக்குச் சிரமமில்லை. ‘காசு’, ‘பட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. கம்பளி ‘லானா’ இந்த உயிரோடு ‘லுன’, ரொட்டி ‘பானெம்’ ‘புய்னெ’, நாய் ‘கானெம்’ ‘குய்னெ’. அந்த உகரங்களை உதடு குவிக்காமல் படியுங்கள். மேலே வந்த ‘குந்த்’, ‘உன்ஜெர்’, ‘பமுந்த்’, ‘ஸ்ஃபுந்த்’ நான்கிலும் இதே ஒலிதான்.

இங்கேயும் இரட்டை மெய் கேடயமானது. ஆண்டு என்ற ‘அன்னுஸ்’, ‘அன்’ என்று அகரத்தோடே இருக்கிறது. இரண்டாவது ஸ்லாவியச் சாட்சியும் இங்கேதான். காயம் ‘ரன’, உணவு ‘ஹ்ரன’. ‘லானா’வைப் போலவே அகரமும் ஒற்றை னகரமும் இருக்கின்றன, ஆனால் அகரம் அசையவில்லை. மிகப் பழைய சில ஸ்லாவியச் சொற்களில் மாற்றம் தெரிகிறது, அவற்றைப் பற்றிச் சச்சரவு உண்டு. பொதுப்போக்கு மட்டும் தெளிவு: விதி ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஸ்லாவியர் வந்திருக்கிறார்கள்.

‘ரோமானுஸ்’ என்ற சொல்லுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு கிடைக்கவில்லை. அழுத்தமில்லாத ஒகரம் உகரமாகி, னகரத்துக்கு முன் அகரம் ஏறி, அது ‘ருமுன்’ ஆயிற்று. இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதியான வலாக்கியாவில் அந்தச் சொல் பண்ணையடிமையையும் குறித்தது. அந்த அடிமை முறையை 1746இல் அங்கே ஆண்ட கொன்ஸ்தாந்தின் மவ்ரொகொர்தாத் ஒழித்தார். ரோமின் நினைவுக்காகப் படித்தவர்கள் ஒகரத்தை மீட்டு ‘ரொமுன்’ என்று நிலைநிறுத்தினார்கள். முதல் உயிரைத் திருத்த முடிந்தது. இரண்டாவது உயிரின் ஒலியில் கைவைக்க முடியவில்லை. அதனால் சண்டை எழுத்துக்கு மாறியது. அந்த ஒலியை லத்தீன் அகரத்தின் மேல் தொப்பி போட்டு எழுதுவதா, இகரத்தின் மேல் போட்டு எழுதுவதா? 1953இல் அகரத் தொப்பியை நீக்கினார்கள். 1965இல் நாட்டின் பெயருக்கும் அதன் உறவுச் சொற்களுக்கும் மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 1993இல் ருமேனிய அகாதமி மற்ற சொற்களுக்கும் மீட்டது. மூலச் சொல்லில் அகரம் இல்லாத இடங்களிலும் இப்போது அகரத் தொப்பி உட்கார்ந்திருக்கிறது.

இந்த மாற்றங்களில் முக்கியமானவை ருமேனியாவுக்கு வெளியே, கிரேக்கத்திலும் அல்பேனியாவிலும் வடக்கு மாசிடோனியாவிலும் பேசப்படும் அரோமேனியத்திலும் உண்டு. அங்கேயும் பால் பகரத்தோடும் சூரியன் ரகரத்தோடும்தான். ஆக, கிளைகள் பிரிவதற்கு முன்பே இவை நடந்துவிட்டன. எங்கே நடந்தன, தன்யூபுக்கு வடக்கிலா தெற்கிலா என்பது ருமேனியருக்கும் ஹங்கேரியருக்கும் இடையே அரசியலாகிப்போன கேள்வி. இரு தரப்பும் ஒலிவிதிகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுண்டு. என்னைக் கேட்டால், வரிசையைச் சொல்லச் சொன்னால் அவை நன்றாகச் சொல்லும். வரைபடத்தில் இடம் காட்டச் சொன்னால் அவற்றுக்குத் தெரியாது.

19ஆம் நூற்றாண்டில் கதை திரும்பியது. திரான்சில்வேனிய அறிஞர்கள் ஏற்கெனவே லத்தீன் வேரைத் தோண்டி எடுத்திருந்தார்கள். 1860களின் தொடக்கத்தில் சிரில்லிக் எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். பிரெஞ்சிலிருந்தும் லத்தீன் நூல்களிலிருந்தும் சொற்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவை வந்தபோது பழைய விதிகளெல்லாம் செத்து ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டதால் ககரம் ககரமாகவே, லகரம் லகரமாகவே தங்கின. அதனால் ஒரே லத்தீன் சொல்லுக்கு ருமேனியத்தில் இரண்டு முகம். மக்கள் ‘பொப்போர்’, அதன் பெயரடை ‘பொபுலார்’. சூரியன் ‘ஸொவாரெ’, சூரிய ஒளி சார்ந்தது ‘ஸொலார்’. எட்டு ‘ஒப்த்’, ஆனால் அக்டோபர் ‘ஒக்தொம்ப்ரியெ’. இரவு ‘நொவாப்தெ’, இரவு நேரத்தது ‘நொக்துர்ன்’.

புக்கரெஸ்ட்டில் எந்தப் பெரிய கடையிலும் பால் பொருட்கள் இருக்கும் வரிசைக்கு மேலே ‘லக்தாதெ’ என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளில் ‘லாப்தெ’ என்று போட்டிருக்கும்.